கூற்றுவனின் தனிமை

பிற்பகலின் முதற்பாடம் சமயம். ஏழாம் வகுப்பு. ஆசிரியர் மார்க்கண்டேயர் சரிதத்தை வழக்கம்போல் உணர்ச்சி ததும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். பாசக்கயிறு பாலகன்மீது மட்டுமன்றிச் சிவலிங்கத்தின்மீதும் விழுந்தது; இறைவன் வெளிப்பட்டான்; காலனைக் காலால் உதைத்தான். வகுப்பு முழுவதும் மகிழ்ந்தது. அப்பொழுது பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் அப்பா செத்தபோதும் கையில் உருத்திராக்கம் இருந்தது. ஏன் ஒருவரும் வந்து உதைக்கவில்லை?" என்று கேட்டான். அவன் தந்தையார் காலமாகி அப்போது இரண்டு திங்கள்கூட நிறைவெய்தவில்லை. ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, உன் அப்பாவிடம் எமன் கோபத்தோடு வந்திருக்கமாட்டான்" என்று மட்டும் சொன்னார். மணி அடித்துவிட்டது.

அந்த விடை அன்று எமக்கு விடையாகவே தோன்றவில்லை. கேட்ட மாணவனுக்கும் தோன்றியிராது. ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல, பொரளைக் கனத்தை மயானத்துக்கு நாம் போய்வந்த தடவைகள் பெருகப்பெருக, அந்த ஒரு வாக்கியம் எம்முள்ளே கிடந்து வேலைசெய்யலாயிற்று. கோபத்தோடு வராத எமன் எத்தகையவன்? அவனை நூல்கள் எவ்வாறு காட்டுகின்றன? விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதும் வாய்ப்புக் கிட்டியபோது இதனையே ஆராயலாமெனத் துணிந்தோம். மங்கலமான மலரிலே இப்படியொரு பொருளா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். எமனைக் குருவாகக் கொண்டு நிகழும் உபநிடதம் ஒன்று எமது சமயத்தில் உண்டென்பதை அவர்கள் நினைவுகூர்வார்களாக.

முதலிற் பெயர்களைப் பார்ப்போம். கூற்று, கூற்றுவன், நமன், காலன், மறலி, தருமராசன் எனத் தமிழில் அவனுக்குப் பெயர் பல. கூறு செய்பவன், அஃதாவது உடலையும் உயிரையும் வேறுபிரிப்பவன், ஆதலாற் கூற்று. வடமொழியில் யமன் என்னும் சொல்லுக்கு இரட்டையருள் ஒருவன் என்பது பழைய பொருள். அடக்குபவன் என்றும் பொருள் உண்டு. பிற்காலத்தார் பெரிதும் இதனையே எடுத்துக்கொண்டனர். எமக்கு முக்கியமானது முதற்பொருளே. இரட்டையாகப் பிறந்தவன் தனித்து நிற்கிறான். அவன் வரலாறே அந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் யமன் தண்டனைத் தேவன் அல்லன். இறந்தோர் செல்லும் வழியை முதன்முதலிற் கண்டறிந்தவன். நல்ல இலைகள் நிறைந்த மரமொன்றின் கீழே தேவரோடு அமர்ந்து பானம் அருந்துபவன். தன் பின்னால் வருவோருக்கு இடம் அமைத்துக் கொடுப்பவன். அதர்வ வேதமோ மனிதருள் முதலில் இறந்தவன் அவனே என்று வெளிப்படையாகக் கூறும். இங்கே சற்றே நின்று எண்ணவேண்டும். முதலில் இறந்தவனை வரவேற்க அவ்வுலகில் எவர் இருந்திருப்பார்? எமக்கு முன்னே சென்ற தாய் தந்தையர் அங்கே உளர் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். அவனுக்கு அந்த ஆறுதல் இல்லை. ஆளில்லாத ஊருக்குத் தனியே போய், பின் வந்தவர்க்கெல்லாம் அரசனாயினவன் அவன்.

பாரசீகரின் பழைய மறையாகிய அவெத்தாவிலும் இவன் இருக்கிறான். அங்கே இவன் பெயர் யிமன். இவன் தந்தை பெயரும் எமது விவசுவான் என்பதனோடு ஒத்தது. அவன் ஆட்சியில் முதுமையும் சாவும் இருக்கவில்லை என்பர். பிற்காலப் பாரசீகக் காவியம் அவனைச் சம்சீத் என்னும் மன்னனாகப் பாடிற்று. எமது நாட்டிற் சாவின் அரசனானவன் அங்கே சாவற்ற பொற்காலத்தின் அரசன். ஒரே குடும்பத்துக் கதை இரு திசைகளிற் பிரிந்துபோன விதம் இஃது.

யமனோடு இரட்டையாகப் பிறந்தவள் யமி. அவள் தன்னை ஏற்குமாறு வேண்ட, உடன்பிறப்பாதலின் அறமன்று என அவன் மறுக்கும் உரையாடல் இருக்கு வேதத்தில் உளது. அதனினும் எம்மை உருக்கியது மைத்திராயணி சங்கிதையிலுள்ள ஒரு சிறு செய்தி. யமன் இறந்துபோனான். தேவர்கள் யமியைத் தேற்றினர். அவளோ எப்போது கேட்டாலும், அவன் இன்றுதானே இறந்தான் என்றாள். அக்காலத்தில் இரவு என்பதே இல்லை. எல்லாம் ஒரே பகல். ஆதலால் அவளுடைய 'இன்று' முடியவேயில்லை. இவள் இப்படி இருந்தால் மறக்கமாட்டாள் எனக் கண்ட தேவர்கள் இரவைப் படைத்தனர். இரவு வந்தது, அதன் பின்னே நாளை வந்தது, அவள் மெல்ல மறந்தாள். இரவும் பகலும் துயரை மறக்கச்செய்யும் என்பது இதனாற் பெறப்படும் பொருள். துக்கவீட்டில் எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத்திவசம் என நாளெண்ணிச் சடங்கு செய்யும் எம்மவர் இக்கதையை அறிந்திராவிடினும் இதன் உண்மையை அறிந்தவரே.

புராணங்கள் யமனுடைய இளமையைச் சொல்லுமிடத்தும் துயரமே மிகுதி. சூரியனின் வெம்மை தாங்கமாட்டாத சஞ்ஞை, தன் நிழலாகிய சாயையைத் தன்னிடத்தில் வைத்துவிட்டுத் தந்தைவீடு சென்றாள். சாயை தன் மக்களிடத்துக் காட்டிய அன்பை மூத்தாள் மக்களிடம் காட்டவில்லை. சிறுவனாகிய யமன் பொறாமற் காலை உயர்த்தினான். அந்தக் கால் அற்றுவிழுக எனச் சாயை சபித்தாள். தாய் மகனை இவ்வாறு சபிப்பாளோ என்று ஐயுற்ற பின்னரே சூரியன் உண்மையை உணர்ந்தான், சாபமும் தணிந்தது. தன் செயலுக்கு வருந்திய யமன் அன்றுமுதல் அறத்திலேயே நின்றான். அதனாற் பிதிர்களுக்குத் தலைமையும் தருமராசன் என்னும் பெயரும் பெற்றான். உலகத்தார் எல்லோருக்கும் நீதி வழங்கும் பதவி, வீட்டில் நீதி பெறாத ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. அவன் மனைவி தூமோர்ணை எனப் பாரதம் சொல்லும். பெயரைச் சொன்னதன்றி அவளைப்பற்றி விரித்துச் சொல்ல அதற்கு மனம் வரவில்லை போலும்.

தமிழரோ இவனுக்கு இரங்கியவர் அல்லர். வைது பாடியவரே பலர். சங்கச் சான்றோர் கையறுநிலை பாடுமிடத்து அழுததோடு நில்லாமற் கூற்றுவனோடு வழக்கும் தொடுத்தனர். கிள்ளிவளவன் இறந்தபோது ஆடுதுறை மாசாத்தனாரும், அதிகமான் எழினி வீழ்ந்தபோது அரிசில்கிழாரும் பாடிய புறப்பாட்டுகள் இரண்டிலும் ஒரே வகையான இகழ்ச்சி வருகின்றது. இவ்வீரனை விட்டுவைத்திருந்தால் போர்க்களந்தோறும் உனக்கு உணவு குவித்திருப்பானே; விதைநெல்லைத் தின்ற உழவனைப்போல மதியற்ற செயல் செய்தாயே என்பது அவ்விகழ்ச்சி. இஃது எவ்வளவு தமிழ்த்தனமான வசவு! கொடியவன் என்பதிலும் வேளாண்மை அறியாதவன் என்பதே பெரிய பழி. பின்வந்த திருநாவுக்கரசர் நமனை அஞ்சோம் என நிமிர்ந்தார். அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் எமனை நேரே விளித்து அறைகூவினார். வெள்ளவத்தையில் எமது அம்மம்மா வீட்டு விறாந்தையில் மாலைதோறும் கந்தரலங்காரம் ஓதப்பட்டது. அந்தச் செய்யுள்கள் வருமிடத்து அம்மம்மாவின் குரல் சற்று உயரும். தண்டவாளத்துக்கு அப்பால் நின்ற கடலுக்கும் அது கேட்டிருக்கும்.

ஆனால் அதே அம்மம்மா சித்திராபௌர்ணமியன்று வேறொருத்தியாவார். தாயை இழந்தவர் விரதமிருக்கும் நாள் அது. எமது ஊர்ப்பக்கக் கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படித்துச் சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். கொழும்புக்கு வந்த பின்னும் அவர் அதனை விட்டாரல்லர். எமனுலகக் கணக்குப்பிள்ளையின் கதையைக் கேட்டு முடித்ததும், "அவையளும் பாவம்; ஒரு நாளும் ஓய்வில்லை" என்பார். நாம் சிரிப்போம். இப்பொழுது சிரிக்கத் தோன்றவில்லை.

இனி, கூற்றுவனிடம் எவரேனும் அன்பாற் சென்றதுண்டா என்று பார்ப்போம். சென்றவர்களைப்பற்றிய கதைகளே எமக்கு வேண்டியவை.

வடநாட்டில் தீபாவளியை அடுத்துவரும் இரண்டாம் பிறைநாள் யமத்துவிதியை எனப்படும். யமியே யமுனை நதியானாள் என்பது புராணம். தங்கை பலமுறை அழைத்தும் வேலை மிகுதியாற் போகாதிருந்த யமன், அன்று அவள் வீட்டுக்குப் போனான். அவள் நீராட்டித் திலகமிட்டுத் தன் கையாலே சோறிட்டாள். மகிழ்ந்த அவன் வேண்டும் வரம் கேள் என்றான். ஆண்டுதோறும் இந்நாளில் நீ என் வீட்டுக்கு உண்ண வரவேண்டும் என்பதே அவள் முதலிற் கேட்டது. அன்று நரகத்தில் உள்ளவர்க்கும் விடுதலை என்பர். எவர் வீட்டுக்குச் சென்றாலும் அழுகையே கேட்கும் ஒருவன், ஆண்டில் ஒருநாள் வரவேற்கும் வாசலொன்றைக் கண்டான். எம்மவரிடத்து இவ்விழா வழக்கில் இல்லாமற்போனது குறையே என்போம்.

கடோபநிடதத்துக் கதை மாணவர்க்கு உரியது. வாசசிரவசு என்பவர் வேள்வியிற் கறவை வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானஞ்செய்தார். அது கண்ட மகன் நசிகேதன், என்னை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என மும்முறை கேட்க, அவர் சினந்து, எமனுக்குக் கொடுத்தேன் என்றார். சொல்லைக் காக்கப் பையன் எமன் வீட்டுக்கே போனான். எமன் அங்கில்லை. மூன்று இரவுகள் உண்ணாமற் காத்திருந்தான். எமன் வீட்டில் விருந்தாளியாகக் காத்திருந்தவன் அவன் ஒருவனே என்று தோன்றுகிறது. திரும்பிவந்த எமன் பதறிப்போகிறான். அதிதி பட்டினியாக இருந்துவிட்டானே என்று இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தருகிறான். முதல் வரத்தால் தந்தையின் சினம் தணியவேண்டும் எனக் கேட்ட பிள்ளை, மூன்றாவதாக இறந்தபின் என்ன என்று கேட்டான். பொன் தருகிறேன், அரசு தருகிறேன், நீண்ட ஆயுள் தருகிறேன், இதைமட்டும் கேளாதே என எமன் மன்றாடினான். பையன் அசையவில்லை. அதன்பின் எமன் பேசும் முறை மாறிவிடுகிறது. உன்னைப்போலக் கேட்பவர் எமக்கு இன்னும் வாய்க்கட்டும் என்று அவன் மனம் நெகிழ்கிறான். ஆசிரியராயிருந்தோர் இந்த இடத்தை அறிவர். முப்பது ஆண்டு கற்பித்தவர்க்கு இப்படி ஒரு மாணவன் இரண்டு மூன்று பேராவது வாய்த்திருப்பர். யுகந்தோறும் கற்பிக்கக் காத்திருந்தவனுக்கு ஒருவன் வாய்த்தான். 1897ஆம் ஆண்டு தை மாதத்திற் கொழும்பில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர் நசிகேதனுடைய சிரத்தையைத் தம் நாட்டவர்க்கு ஓயாது எடுத்துரைத்தவர். அவர் பெயரில் 1902இல் எழுந்த கொழும்பு விவேகானந்த சபையின் நிழலிற் சமயம் கற்ற எம்மவர் பலர் இக்கதையை முதன்முதல் அங்கேயே கேட்டிருப்பர்.

சாவித்திரியின் கதைக்கு வருவோம். எமது நாட்டில் இது நாடகமேடையாற் பரவியது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டத்தைப் பார்த்தவர்கள் சத்தியவான் சாவித்திரியையும் பார்த்திருப்பர். 1941இல் வெளிவந்த தமிழ்ச் சாவித்திரி படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராகத் தோன்றினார். மேடையிலும் திரையிலும் சாவித்திரி எமனை வாதத்தில் மடக்கிவிடுகிறாள், எமன் ஏமாந்தவனாக நிற்கிறான், அவையோர் கைதட்டுகின்றனர். பாரதத்தின் வனபருவத்திலுள்ள மூலம் அவ்வாறு அன்று. இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

மத்திர நாட்டு அசுவபதியின் மகள், நாடும் கண்ணும் இழந்து காட்டிலிருந்த துயுமத்சேனன் மகன் சத்தியவானை மணந்தாள். இன்னும் ஓராண்டே அவன் ஆயுள் என நாரதர் முன்னரே சொல்லியிருந்தார். நாள் நெருங்க, அவள் மூன்று இரவு உண்ணாநோன்பிருந்து, அந்த நாளிற் கணவனோடு காட்டுக்குச் சென்றாள். விறகு வெட்டியவன் தலைவலி என்று அவள் மடியிற் சாய்ந்தான். செந்துகில் உடுத்த ஒருவர் வந்தார். தூதரை அனுப்பாமல் நீங்களே வந்தது ஏன் என அவள் கேட்டாள். இவன் அறவோன், தூதர் கைப்படத் தக்கவன் அல்லன் என்றான் எமன். பெருவிரலளவான உயிரைக் கட்டி எடுத்துத் தென்திசை நடந்தான். அவள் பின்தொடர்ந்தாள்.

திரும்பிப் போ, உன் கடன் முடிந்தது என்றான் எமன். அதற்கு அவள் தந்த முதல் விடையில் வாதமும் இல்லை, மன்றாட்டும் இல்லை. ஏழடி கூட நடந்தவர் நண்பராவர் என்று பெரியோர் சொல்வர். நாம் ஏழடி நடந்துவிட்டோம். அந்த நட்பை முன்னிட்டுச் சில சொல்வேன், கேளுங்கள் என்கிறாள். எமனைப் பார்த்து நண்பரே என்று சொன்னாள்! அவனைக் கண்டு ஓடியவர் உளர், அழுதவர் உளர், வைதவர் உளர். உடன் நடந்தவள் இவள். அவள் பேசியதும் கணவனைப்பற்றி அன்று. அறத்தைப்பற்றியும் நல்லோர் கூட்டுறவைப்பற்றியுமே பேசினாள். தாகமுற்றவனுக்குத் தண்ணீர்போல இருக்கின்றன உன் சொற்கள் என எமன் மகிழ்ந்து கூறுகிறான். எத்தனை காலத் தாகமோ! மாமனுக்குக் கண், அவருக்கு நாடு, தந்தைக்கு நூறு மைந்தர், தனக்கு நூறு மைந்தர் என வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் வரங்களைக் கொடுக்கும்போது, இவன் உயிர் நீங்கலாக எதையும் கேள் என்று எமன் எல்லை கட்டியிருந்தான். ஐந்தாவது வரத்துக்கு அந்த எல்லையை அவன் சொல்லவில்லை. மறந்துவிட்டானா? எல்லா உயிர்க்கும் நாள் எண்ணுபவன் இதனை மறப்பானா? அவன் வேண்டுமென்றே விட்டான் என்பது எமது துணிபு. கயிற்றை அவிழ்த்தபோது மகிழ்ச்சியுற்ற மனத்தோடு அவிழ்த்தான் என்றே மூலம் சொல்கிறது; நானூறு ஆண்டு ஆயுளும் தானே முன்வந்து தருகிறான். தோற்றவன் செய்கை அன்று அது.

இன்னொன்றும் உண்டு. வனபருவத்தில் இக்கதையைச் சொல்பவர் மார்க்கண்டேயர், கேட்பவர் தருமபுத்திரர். எமனிடமிருந்து தப்பியவர் எனப் புராணங்கள் போற்றும் முனிவர், எமதருமனுடைய மகன் என உலகம் சொல்லும் மன்னனுக்கு, உன் தந்தை இத்தகைய உள்ளத்தவன் எனச் சொல்வதுபோல இக்கதை அமைந்துவிட்டது. இதை எண்ணும்போது வகுப்பறையிற் கேட்ட மார்க்கண்டேயர் சரிதம் வேறொரு முகங் காட்டுகிறது.

மேனாட்டார் கதையோடு ஒப்புநோக்கலாம். கிரேக்கரின் பாதாள அரசன் ஏடீசு தன் தனிமை தீரப் பெர்சிபொனி என்னும் கன்னியைப் பூப்பறிக்கும் வெளியில் வைத்துக் கவர்ந்துசென்றான். மாதுளை முத்துகளை ஊட்டி மீளாவண்ணம் பிணித்தான். அவள் தாய் துயருற, பூமி விளைவொழிந்தது. ஆண்டின் ஒரு பகுதியை அவள் தாயோடு கழிக்கலாம் என முடிவாயிற்று. ஓர்பியசு என்னும் பாணன் தன் இசையால் அவ்வரசனை உருக்கி இறந்த மனைவியை மீட்டான். வழியிலே திரும்பிப் பார்த்து இழந்தான். எமது எமன் எவரையும் தன் தனிமைக்காகக் கவர்ந்தவன் அல்லன். அவனிடம் சென்றோர் தாமாகவே சென்றனர். சிறுவன் ஒருவன், பெண் ஒருத்தி. இங்கிலாந்து இசைஞர் ஓல்சுற்று சாவித்திரி கதையைச் சிறிய இசைநாடகமாக ஆக்கினார். 1916இல் அது முதன்முதல் இலண்டனில் நடிக்கப்பட்டது. ஸ்ரீ அரவிந்தர் அதனையே பெருங்காப்பியமாக்கி வாழ்நாளெல்லாம் திருத்தினார். 1950, 1951 ஆம் ஆண்டுகளில் அது நூலாயிற்று. ஓர்பியசின் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த மேனாட்டார்க்கு இக்கதையின் முடிவு புதுமையாயிருந்திருக்கும்.

எமது அயலவராகிய பௌத்தரிடத்தும் எமன் உளன். மச்சிம நிகாயத்தின் 130ஆவது சூத்திரம் தேவதூத சூத்திரம். மகிந்த தேரர் அநுராதபுரத்துக்கு வந்த நாளில், யானைக்கொட்டிலிற் கூடிய மக்களுக்கு இதனையே போதித்தார் என மகாவமிசம் கூறும். இந்த நாட்டில் எமனைப்பற்றிய பேச்சு அத்துணைப் பழையது. அச்சூத்திரத்தில் எமராசன் இறந்துவந்தவனை உசாவுகிறான். பச்சைக் குழந்தையைக் கண்டிலையோ, முதியவனைக் கண்டிலையோ, நோயாளியை, தண்டிக்கப்பட்டவனை, பிணத்தைக் கண்டிலையோ, இவர்களெல்லாம் தூதராயிற்றே என்கிறான். பின்னர் இது தாய் தந்தையர் செய்த வினையன்று, நீ செய்தது எனச் சொல்லி மௌனமாகிறான். தண்டனை தொடர்கிறது. இறுதியிலே எதிர்பாராத ஓர் இடம் வருகிறது. எமராசன் தன்னுள்ளே எண்ணுகிறான்: நான் மனிதனாகப் பிறவேனா! உலகில் ஒரு ததாகதர் தோன்றாரா! அவருக்குப் பணிசெய்து அவர் போதிக்கும் தருமத்தைக் கேட்டு உணரேனா! நரகத்தின் நீதிபதிக்கு மனிதனாகும் ஆசை. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் நாம் எத்தனை தடவை வெறுத்துக்கொண்டு வாழ்ந்த இந்த மனிதப் பிறவிக்கு அவன் ஏங்குகிறான்.

சைவத்திலே இந்த ஏக்கத்துக்கு ஓர் ஊரே உண்டு. திருக்கடவூரில் உதையுண்ட காலன் வீழ்ந்தபின் என்னவாயிற்று என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு அங்கே செல்லும் எம்மவர் காலசங்காரரை வணங்கித் திரும்பிவிடுவர். சாவின்றிப் பூமி பாரம் தாங்காது துயருற்றதென்றும், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருப்பைஞ்ஞீலியில் இறைவன் எமனுக்கு மீண்டும் அதிகாரம் கொடுத்தானென்றும் தலபுராணம் கூறும். அதிகாரம் மீண்டது, மனத்துயர் நீங்கவில்லை. எல்லோரும் என்னை அஞ்சுகின்றனர், வெறுக்கின்றனர். உயிர்களைக் கவரும் பாவம் என்னைச் சேர்கின்றது என்று அவன் புலம்பித் தவஞ்செய்த இடம் திருவாஞ்சியம். இப்போது ஸ்ரீவாஞ்சியம் என வழங்கும். நன்னிலத்துக்கு அண்மையில், திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. மூவர் பாடலும் பெற்றது. திருமகளைப் பிரிந்த திருமால் அவளை வாஞ்சித்து வழிபட்டுப் பெற்றதால் ஊருக்கு இப்பெயர் என்பர். பிரிந்தவரைச் சேர்க்கும் ஊருக்கே பிரிப்பவனும் வந்தான்!

இறைவன் அவனுக்கு அருளியது இருவகை. உயிர்களைப் பிரிக்கும் பாவம் உன்னைச் சாராது என்றான். அதனோடு, நீ என்னைச் சுமப்பாய் என்றும் அருளினான். மாசித் திங்களிற் பரணி நாளன்று வாஞ்சிநாதர் எமவாகனத்தில் எழுந்தருள்வர். நந்தியும் மயிலும் மூஷிகமும் பெற்ற பேறு காலனுக்கும் வாய்த்தது. அத்தலத்தில் எமனுக்குத் தெற்கு நோக்கிய தனிச்சந்நிதி உண்டு. குப்தகங்கையில் நீராடி முதலில் எமனை வழிபட்டே சுவாமியிடம் செல்லவேண்டும் என்பது அங்குள்ள முறை. ஊரிற் சாவு நேர்ந்தாலும் கோயில் நடை சாத்தும் வழக்கம் அங்கில்லை என்பர்.

கொட்டாஞ்சேனையிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1912இற் கருங்கல்லாற் கட்டி நிறைவேற்றிய பொன்னம்பலவாணேசர் கோயிலை நாம் இளமைமுதல் வலம்வந்திருக்கிறோம். சிவாலயங்களிலே தென்புறம் இருப்பவர் தட்சிணாமூர்த்தி. கல்லாலின்கீழ் மௌனமாய் இருந்து அவர் நோக்குவது தென்திசை, எமனுடைய திசை. குருவானவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஏன் இருக்கவேண்டும் என்பதும் எமக்குச் சிறுவயது ஐயங்களுள் ஒன்று. கேட்க எண்ணி ஒருநாளும் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம் சொன்னதால் அந்த ஏழாம் வகுப்பு மாணவனின் கேள்விக்கு விடை வந்துவிட்டதாக நாம் கருதவில்லை. மார்க்கண்டேயர் தப்பினார், சத்தியவான் மீண்டான், மற்றைய அனைவரும் போயினர். 1983 ஆடியில் வெள்ளவத்தை வீதிகள் எரிந்தபோது போனவர்களிடம் வந்தவன் எமனா மனிதனா என்று வேறுபிரித்துச் சொல்லவும் வேண்டியதில்லை. எமனிடம் கோபமில்லை என்பது மட்டுமே நூல்கள் தரும் செய்தி. கோபம் எங்கிருக்கிறது என்பது எமக்குத் தெரிந்ததே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அந்த நண்பரும் நாமும் தமிழகத் தலயாத்திரையொன்றில் ஒன்றாகச் சென்றோம். இருவரும் நரைத்துவிட்டோம். தன் தந்தை இறந்த வயதைக் கடந்து இருபது ஆண்டு ஆகிவிட்டதென வழியிற் சொன்னார். ஸ்ரீவாஞ்சியத்தில் எமன் சந்நிதியின் முன் நெடுநேரம் நின்றார். அருச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, யார் பெயருக்கு அருச்சனை என்று கேட்டார். நண்பர் தம் தந்தையாரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார், முதலெழுத்தும் வந்தது. பிறகு நிறுத்தி, "சுவாமி பெயருக்கே செய்யுங்கோ" என்றார்.

அருச்சகர் தலைநிமிர்ந்து, "இந்தச் சுவாமி பேருக்கா?" என்று கேட்டார்.

"ஓம், இவருக்குத்தான்" என்றார் நண்பர்.